பூஞ்சை இருக்கிறது என்று சொன்ன பாவத்துக்கு

உணவுப் பரிசோதனைக்கூட வேலை என்பது, ‘இல்லை’ என்று எழுதினால் தேத்தண்ணியும் ‘இருக்கிறது’ என்று எழுதினால் ஏச்சும் கிடைக்கிற வேலை.

லோரி பிரேக்கைச் சோதிப்பவர்கள், கடைத் தராசைச் சோதிப்பவர்கள், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள், புது வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், நீங்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் இவள் பெரிய கோபக்காரி போலிருக்கிறதே என்பார்கள். சொல்லட்டும், கோபக்காரிதான்.

எண்பதுகளில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு மசாலா மில்லில் எனக்கு வேலை. மிளகாய், மல்லி, நிலக்கடலை என்று மூட்டை மூட்டையாக வாங்கி, சிலதை அரைத்து, சிலதை அப்படியே, கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்புவார்கள். கோலாலம்பூரில் ஒரு பெரிய கடை, பரிசோதனைப் பேப்பர் இல்லாமல் சாமான் எடுக்க மாட்டோம் என்று சொன்னதால் ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறையைத் தடுத்து லேப் ஆக்கினார்கள். அதில் நானும் கமாரியாவும். கமாரியா மலாய்க்காரப் பெண். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அடுத்த கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவள், என்னைவிட வேகமாகத் தமிழில் சண்டை போடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே மேனேஜர் மாணிக்கம் சார். அவருக்கு லேப் என்றால் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி. இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெராம் கடைக்காரரின் மிளகாய்

பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாது. உணவோடு உணவாக ஒளிந்திருக்கும். அதைத் தனியே பிரித்தெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. மிளகாயை இடித்து, நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டினால் சக்கை மேலே நிற்கும், வித்து தண்ணீரோடு இறங்கும். அந்தத் தண்ணீரைச் சின்னக் குழாய்களில் ஊற்றி, சுற்றுகிற மிஷினில் வேகமாகச் சுற்றினால் வித்தெல்லாம் அடியில் வண்டலாகப் படியும். வண்டலைப் பத்துப் பங்கு, நூறு பங்கு தண்ணீரில் கரைத்து, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகார் என்கிற கடல்பாசிக் கூழ்த் தட்டில் கொஞ்சம் விட்டு, மூடி, ஐந்து நாள் மிதமான சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வித்தும் ஒரு புள்ளியாக முளைக்கும். புள்ளிகளை எண்ணி எழுதுவோம்.

ஜெராமில் கடை வைத்திருந்த ஒருவர், விற்காமல் கிடந்த காய்ந்த மிளகாயை எங்கள் மில்லுக்குத் தள்ளிவிடப் பார்த்தார். கடல்காற்றில் நமுத்துப்போன மிளகாய். நான் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். நேராக லேப்புக்கே வந்துவிட்டார். எங்கே பூசணம், காட்டு என்றார். தட்டைக் காட்டினேன். கறுப்பும் பச்சையுமாக முளைத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார். நானும் வேலை மெனக்கெட்டு, மேலே உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவருக்கும் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். புரிந்துகொண்டார் என்று நான் சந்தோஷப்பட்ட நேரத்தில் சொன்னார்: “தண்ணிய ஊத்தி, வடிகட்டி, அஞ்சு நாள் மூடி வச்சா எங்க வீட்டுச் சோறுகூடத்தான் பூத்துப்போவும். நீயே வளத்துட்டு எம்மேல பழி போடுறியாம்மா?”

நடக்கும் மிஷின்

சுற்றுகிற மிஷினில் ஒரு குழாய் வைத்தால் அதற்கு நேர் எதிரே அதே எடையில் இன்னொரு குழாய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குதிக்கும். இதை மாணிக்கம் சாரிடம் நான் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் வாங்குபவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு லேப்பைச் சுற்றிக் காட்ட வந்தார். என்னைக் கேட்காமலே ஒரே ஒரு குழாயைச் செருகி விசையைத் தட்டினார். மிஷின் தடதடவென்று ஆடி, மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. நான் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். அவர் முகத்தில் ஒரு சின்ன வாட்டம்கூட இல்லை. வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “அவ்ளோ பவர் உள்ள மிஷின். நம்ம லேப்ல எல்லாமே பெரிய சைஸ்தான்லா.”

என் பேர் போட்ட பேப்பர்

இது வரைக்கும் சொன்னது சிரிக்கிற விஷயம். இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

என் அம்மா எங்கள் தோட்டத்தில் ஆயா. பால் வெட்டப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை அவள் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கடலையை வறுத்து இடித்துக் கஞ்சியில் போட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் ஒரு புது ஏற்பாடு செய்தது. கடலை எங்கள் மில்லிலிருந்துதான் போனது. ஒரு நாள் அம்மா சொன்னாள், புதிதாக வந்த மூட்டைகள் சரியில்லை, முடை நாற்றம் அடிக்கிறது, வாயில் போட்டால் கசக்கிறது என்று. இரண்டு நாள் கடலை போடாமல் வெறும் கஞ்சி கொடுத்திருக்கிறாள். தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி எட்டிப் பார்த்துவிட்டு, சத்துணவு போடாவிட்டால் தோட்டத்துத் துரைக்கு எழுதிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். அம்மா பயந்து, மோசமானதைப் பொறுக்கி எறிந்து, மீதியைக் கழுவி வறுத்துப் போட்டிருக்கிறாள்.

கடலையில் வளர்கிற ஒரு பச்சைப் பூஞ்சை ஈரலைக் கெடுக்கிற விஷத்தை விடும். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. மறுநாள் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனேன். கடலையைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். கிராணி ஒரு கோப்பைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் லேப் பேப்பர். ‘பூஞ்சை இல்லை’ என்று டைப் அடித்து, கீழே ச. பரமேஸ்வரி என்று முத்து முத்தாகக் கையெழுத்து. என் கையெழுத்துதான். கிராணி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “பாஸ் போட்டதே ஒம் மகதான். அது படிச்ச புள்ள. அதுக்கு மேல நீ என்னா வாயில போட்டுப் பாக்குற?”

டின்னில் வந்த கடலை

வேலைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். அந்தக் கடலையைச் சோதித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பளபளவென்று, ஒரே அளவில், ஒரு சுருக்கம் இல்லாமல் ஒரு மில்க் டின்னில் வந்தது. தட்டில் ஒரு புள்ளி முளைக்கவில்லை. நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அது எந்த மூட்டையிலிருந்து வந்தது, யார் எடுத்தது என்று நான் கேட்கவே இல்லை. இத்தனை பேரைத் திட்டி எழுதுகிற நான் செய்த தப்பு அது. மாதிரியை டின்னில் வாங்கி, டின்னைச் சோதித்து, மூட்டைக்குச் சான்று கொடுத்திருக்கிறேன்.

மில்லில் குத்தூசி ஒன்று இருந்தது. ஒரு முனை கூராக, உள்ளே குழிவாக இருக்கிற இரும்புக் குழல். சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற சாமான் கொஞ்சம் வெளியே வரும். அதை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். அதே லோடில் வந்த மூட்டைகள் மீதி இருந்தன. மேலே, நடுவில், அடியில் என்று ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் குத்தினேன். அடிமூட்டைகளிலிருந்து வந்த கடலை சூம்பி, கறுத்து, விரலில் பச்சைத்தூள் ஒட்டியது. மாணிக்கம் சார் ஓடி வந்தார். சாக்கில் ஓட்டை போடுகிறாயா என்று கத்தினார். டின்னில் வந்த கடலையை யார் சார் எடுத்தது என்று கேட்டேன். நான்தான், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன் என்றார், பெருமையோடு. அது தப்பு சார் என்றேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: “பொண்ணு பாக்க வர்றப்ப அழுக்குப் பொடவையிலயா நிக்க வைப்பாங்க? லேப்புக்கு அனுப்புறதுன்னா நல்லதாத்தான் பாத்து அனுப்பணும்.”

ஒரு காற்றாடி

குத்தூசியில் எடுத்த கடலையைச் சோதிக்க ஆரம்பித்தேன். கடலையில் வெளியே ஒட்டியிருக்கிற பூஞ்சை வேறு, உள்ளே புகுந்த பூஞ்சை வேறு. சாக்குத் தூசியில் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் துணி வெளுக்கிற குளோரின் தண்ணீரில் இரண்டு நிமிடம் கடலையை ஊறப்போட்டு வெளியே இருப்பதைக் கொன்றுவிட்டு, சுத்தத் தண்ணீரில் அலசி, தட்டுக்கு ஐந்து கடலை வீதம் அகாரில் பதிக்க வேண்டும். அதற்குப் பிறகு முளைத்தால் அது கடலைக்கு உள்ளே இருந்தது. பக்கத்தில் ஒன்றுமே போடாத ஒரு தட்டும் வைப்போம். அதற்குச் சாட்சித் தட்டு என்று பேர். அது சுத்தமாக இருந்தால்தான் மற்றத் தட்டுகள் சொல்வதை நம்பலாம்.

தட்டுகளைத் திறந்து வைத்துக் கடலையைப் பதித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மாணிக்கம் சார் உள்ளே வந்தார், ‘என்னா இது, அடுப்பு மாதிரி கொதிக்குது’ என்று சொல்லி, நான் திரும்புவதற்குள் காற்றாடியைப் போட்டுவிட்டார். ஸ்டோர்த் தூசி முழுவதும் என் தட்டுகளில். ஐந்து நாள் கழித்துத் திறந்தால் கடலையிலும் பூஞ்சை, சாட்சித் தட்டிலும் பூஞ்சை. அந்த ஐந்து நாளும் கொட்டகையில் பிள்ளைகள் அந்தக் கடலையைத் தின்றுகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. காற்றாடியைப் போட்ட அதே மனிதர் சாட்சித் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணும் போடாத தட்டுலயே பூசணம் இருக்கே, அப்புறம் கடலை மேல என்னா குத்தம்?”

சுப்பையா அண்ணனின் பசி

மறுபடியும் தட்டு ஊற்றினேன். லேப்பில் இருந்த அகார் தூள் தீர்ந்துபோயிருந்ததால் கமாரியா சந்தையில் இழை அகார் வாங்கி வந்தாள், உருளைக்கிழங்கை நாங்களே வேகவைத்தோம். பாக்டீரியா முளைக்காமல் இருக்கக் கொஞ்சம் புளிப்பு அமிலமும் சேர்த்தேன். பன்னிரண்டு தட்டு. மூடி, அடுக்கி, பேர் எழுதி, லேப் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் ஏழு தட்டு காலி. லோரி டிரைவர் சுப்பையா அண்ணன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் பெருநாள், திருநாள், பிறந்தநாள் எதுவென்றாலும் இதே அகாரில் செய்கிற அகார் அகார் இனிப்பு இல்லாமல் மேசை இல்லை. அதனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று கமாரியா சொன்னாள். அவள் நல்லவள். நான் நல்லவள் இல்லை. ‘அது சாப்பிடுகிறது இல்லை, சோதனைக்கு வைத்திருந்தது!’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாவம், அவருக்கு என் கோபம் வேறு மாதிரி புரிந்தது. சமாதானமாகச் சொன்னார்: “கோவிச்சுக்காத தங்கச்சி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா புளிச்சுப்போச்சு, மீதிய இன்னிக்கே சாப்ட்ருங்க.”

கமாரியாவின் காவல்

மூன்றாவது தடவை. அம்மா வீட்டில் தினமும் கேட்டாள், என்ன ஆச்சு என்று. தட்டு சரியில்லை, திரும்பப் போடணும் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிராணி முன்னால் கையெழுத்தைப் பார்த்த அன்றிலிருந்து அந்தப் பார்வை. அதைத் தாங்குவதைவிட மாணிக்கம் சாரின் கத்தலைத் தாங்குவது எளிது.

இந்தத் தடவை காற்றாடியின் விசைக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். குளிர்ப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். சாட்சித் தட்டு ஒன்றுக்கு மூன்றாக வைத்தேன். கதவைத் தாழ் போடலாம் என்றால் தாழ் உடைந்துபோய் ஆறு மாதம். கமாரியா நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மேனேஜர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “நீ தட்டைப் பாரு. அவர் வந்தா, உள்ள பரமு துணி மாத்துறான்னு சொல்லிருவேன், அந்தாளு ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கமே வர மாட்டாரு.”

கிராணியின் தேத்தண்ணி

ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தேன். மூன்று சாட்சித் தட்டும் கண்ணாடி மாதிரி சுத்தம். கடலைத் தட்டுகளில் ஒவ்வொரு கடலையைச் சுற்றியும் மஞ்சளும் பச்சையுமாகத் தடித்த மயிர். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ‘பூஞ்சை இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மாணிக்கம் சாரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பேப்பருக்குப் பதில் பேப்பர்தான் என்றால் நான் தோற்றுவிடுவேன். அதனால் மறுநாள் காலையில் ஒரு கடலைத் தட்டையும் ஒரு சாட்சித் தட்டையும் சுற்றிலும் டேப் ஒட்டி, சாப்பாட்டு டிபன் பையில் போட்டு, தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பெரிய கிராணியின் மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இது நீங்கள் பிள்ளைகளுக்குப் போடச் சொல்கிற கடலை, உள்ளே இருந்து வந்தது என்றேன். மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அன்றைக்கே மூட்டைகள் கொட்டகையிலிருந்து வெளியேறின, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அதைப் பிள்ளைகள் வாயில் போட வைத்தவர் தன் கிளாசைக் கையால் மூடிக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: “தூரமா எடும்மா அதை, என் தேத்தண்ணியில விழுந்திரப்போவுது!”

நல்ல பேப்பர்

மூட்டைகள் மில்லுக்குத் திரும்பி வந்தன. குழி தோண்டிப் புதைப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஸ்டோரில் பார்த்தால் மூட்டைகள் இல்லை. சுப்பையா அண்ணனைக் கேட்டேன். செரண்டா பக்கம் ஒரு தோட்டத்துக்கு இறக்கிவிட்டு வந்தேன், அங்கேயும் ஆயாக்கொட்டகைக்குத்தான், பேப்பரெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்றார். என்ன பேப்பர்? பழைய பேப்பர். டின் கடலைக்கு நான் கையெழுத்துப் போட்ட அதே பேப்பர்.

மாணிக்கம் சாரின் அறைக்குள் தட்டாமல் போனேன். என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது, என் பிள்ளைகளும் படிப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்: “கடலைதானே பரமு திரும்பி வந்துச்சு? பேப்பர்ல ஒரு குத்தமும் இல்லியே. நல்ல பேப்பரை ஏன் வீணாக்கணும்?”

செரண்டா

அடுத்த நாள் லீவு போட்டேன். அதே டிபன் பை, அதே இரண்டு தட்டு. பஸ் மாறி, ராவாங் போய், அங்கிருந்து செரண்டா போய், தோட்டத்துச் செம்மண் ரோட்டில் நடந்து கொட்டகையைக் கண்டுபிடித்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஆயாவுக்கு என் அம்மாவைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். கடலையைப் பற்றி ஆரம்பித்ததுமே அவர் கொட்டித் தீர்த்துவிட்டார். ஒரே கசப்பு, வாந்தி எடுக்கிற பிள்ளையும் உண்டு, ஆபீசில் சொன்னால் லேப் பேப்பரைக் காட்டுகிறார்கள், எவளோ ஒரு பரமேஸ்வரியாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவள் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி என்றார்.

நான் தட்டுகளை வெளியே எடுக்கவில்லை. வரும் வழியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த விளக்கம் எதுவும் வாயில் வரவில்லை. ‘நான்தான்க்கா அந்தப் பரமேஸ்வரி’ என்றேன். அவர் தொட்டில் கயிற்றை விட்டார். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில்தான் இருந்தேன். அவர் அடிக்கவில்லை. கதவோரம் இருந்த சாக்கைக் காட்டிச் சொன்னார்: “அப்ப வா, பயப்படாத. ஆபீஸ்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கையெழுத்துப் போட்ட கையாலேயே தூக்கிக் கொட்டிட்டுப் போ.”

கொட்டினேன், அதற்குப் பிறகு வேறு லேப்களில் எத்தனையோ சாமானிலிருந்து எத்தனையோ விதமாகப் பூஞ்சையைப் பிரித்தெடுத்துவிட்டேன், போட்ட கையெழுத்திலிருந்து என் பேரைப் பிரித்தெடுக்கிற மிஷினை மட்டும் எந்த முதலாளித் தவுக்கேயும் இதுவரை வாங்கிப் போடவில்லை.